சேறு என்று சொன்ன வாய்

"சேறெண்டு நீங்கதானே சொன்னீங்க, உங்கட வாயால..."

"சொன்னேன், ஆனா அந்தாள் அத எழுதுவாரெண்டு..."

"பேனையோட கொழும்பிலிருந்து வந்த மனுசன் எழுதாம வேற என்ன செய்வாரு?"

"நான் கதைக்கிறத முழுசாக் கேளு புள்ள."

"முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன்."

சட்டத்தரணி றைஸா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புத்தளம் நகரில் அவளுடைய சின்ன அறைக்கு மர்ளியாவும் கணவர் அத்தாஉல்லாவும் காலையிலேயே பாலாவியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

"மாமி, சண்டையக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. கம்பனி முறிஞ்சு போச்சு. அத மூடி முடிக்க வந்த லிக்விடேட்டர், உப்பளத்துக் குத்தகை வெறும் சுமை, எங்களுக்கு வேணாமெண்டு கைவிட்டு எழுதிட்டார். கம்பனிக்குக் குத்தகை இல்லையெண்டா, கம்பனி உங்களுக்கு எழுதித் தந்த ரெண்டு உப்புப் பாத்தியும் இல்ல. கைவிட்டது பிழை, அந்த ரெண்டையும் எங்கட பேருக்கு ஆக்கித் தாங்க எண்டு கோட்டுல கேக்கலாம். ஆனா அவர்ட அறிக்கையில மாமாட பேச்சு இரிக்கே." வாசித்தாள். "'முப்பது ஆண்டுகள் இங்கு வேலை செய்தவரே, இது வெறும் சேறு, உப்பு விளைவதில்லை என்றார்.'"

லிக்விடேட்டர் கொழும்பிலிருந்து உப்பளம் பார்க்க வந்தது மார்கழி மழையில். பாத்தியெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அத்தாஉல்லா சொன்னதும் உப்பளத்தில் எல்லோரும் சொல்வதுதான். உப்பு மலையாய்க் குவிந்து கிடந்தாலும் அந்நியர் கேட்டால் சேறு என்பார்கள். கண்ணூறு பட்டுவிடுமாம். கேட்கிறவரும் நம்புவதில்லை. கொழும்புக்காரர் நம்பிவிட்டார்.

மர்ளியாவுக்கு அந்தச் சேறு நினைவுக்கு வந்தது. கலியாணம் முடித்த வருஷம், யாரும் தொடாத மூலை என்று கம்பனி காட்டிவிட்ட இடம். உப்போடு மண் கலக்காமல் இருக்கத் தரை இறுக வேண்டும். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கால் நகம் கழலும் மட்டும் மிதித்தார்கள். பிறகு ஒரு விடியலில், தண்ணீருக்கு மேலே கண்ணாடிச் செதில் போல உப்பு மிதந்தது. மூச்சுப் பட்டாலே தாழ்ந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"அண்டைக்கு நீங்க தும்மினது ஞாபகம் இரிக்கா?"

"நானா? நீதான் சிரிச்ச. ஒரு பக்கத்து உப்பு அப்பிடியே தாண்டு போச்சு."

"உங்கட தும்மலப் பாத்துத்தான் சிரிச்சேன்."

றைஸா சிரித்தாள். "மாமா, இதத்தான் நான் உங்கட பேருல எழுதியிரிக்கன். நல்ல பாத்தி, நல்லா விளையுது, அண்டைக்குச் சொன்னது உண்மையில்ல எண்டு. இந்தச் சத்தியக் கடதாசிய இண்டைக்குப் போடல்லெண்டா தவணை போயிடும்."

அத்தாஉல்லா கடதாசியைத் தொடவில்லை.

"வெக்கமா?" என்றாள் மர்ளியா. "பொய்க்காரனெண்டு சொல்லுவாங்களெண்டா?"

"அதில்ல."

"பின்ன?"

அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தொண்ணூறுல மன்னார்ல, வீட்டுக்கு வந்த ஒராளுட்ட எங்கட வாப்பா சொன்னாரு, என்ட தென்னந்தோட்டம் மாதிரி இந்தத் தீவுலயே இல்லையெண்டு. பெருமையாச் சொன்னாரு. அந்தக் கிழமை முடியல்ல, கையில ஒரு பையோட வள்ளம் ஏறினோம்."

மன்னார் முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் விரட்டிய அதே கிழமைதான் மர்ளியாவும் வள்ளம் ஏறியவள். இந்தக் கதையை மட்டும் அவர் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. கூச்சத்தில்தான் பாத்தியைப் புகழாமல் இருக்கிறார் என்று நினைத்திருந்தாள். பக்கத்து வீட்டு யூஜீனியாவிடம் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

"வாப்பா சொன்னதுக்காகவா எங்கள விரட்டினாங்க?" என்றாள். குரலில் சண்டை இல்லை. "ஊருல வாயே திறக்காத ஆக்களும்தானே வந்தாங்க."

"அது எனக்குத் தெரியும் புள்ள."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு றைஸா பேனையை நீட்டினாள். அவர் வாங்கினார். பிஸ்மி சொல்லி, முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதி முடித்தார். கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"நல்ல பாத்தியெண்டு என்ட வாயாலயே சொல்லிட்டேன், மர்ளியா. இனி இதுவும் போனா, நாம எங்க போறது?"