டீயில் பேசினோம்

எங்கள் குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம். எங்கள் இணையதளத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, எழுதியவள் நான்தான். கட்டற்ற மென்பொருள் என்பது ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் வேறு சொல்வேன். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு தேர் என்றால் யாருக்குத்தான் புரியாது? தேரை எந்த வீதியில் திருப்புவது என்று முடிவெடுப்பது யார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

நாங்கள் எழுதுகிற செயலிக்கு 'நிறுத்தம்' என்று பெயர். நீங்கள் நிற்கிற பஸ் ஸ்டாப்புக்கு அடுத்த பஸ் எப்போது வரும் என்று சொல்லும். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை எங்களுக்கு அனுப்பலாம். நான், அஸ்வின், சஃப்வான் ஆகிய மூன்று பேரிடம்தான் அதைச் செயலியில் சேர்க்கிற சாவி. அனுப்பியதைப் பார்த்து, நன்றாக இருந்தால் சேர்ப்போம். இல்லையென்றால் ஒரு வரி காரணம் எழுதி மூடிவிடுவோம். அது சிவப்பு முத்திரையோடு, எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே கிடக்கும்.

மாதம் ஒரு ஞாயிறு மதியம், மாட வீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். ஐந்தரை வரைக்கும் பேச்சு. அப்புறம் கீழே இறங்கி, பக்கத்துச் சந்தில் இருக்கிற டீக்கடைக்குப் போவோம். மாடியில் இழுபறியாகக் கிடந்ததெல்லாம் அங்கே டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடும். யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை, தானாக வந்த பழக்கம். பெண்கள் மாடிப்படி இறங்கியதும் கிளம்பிவிடுவார்கள். ஒருத்திக்கு ஹாஸ்டல் கதவு அடைத்துவிடும், ஒருத்திக்குக் குழந்தை, ஒருத்திக்கு பஸ். எனக்கு ஒன்றும் இல்லை. தனிக்கட்டை, மந்தைவெளிக்கு நடந்தே போய்விடலாம். அதனால் கடை வாசலில் ஆண்களோடு நின்று டீ குடிக்கிற ஒரே பெண் நான். அஸ்வின் என்னை 'மச்சி' என்றுதான் கூப்பிடுவான். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. மற்ற பெண்கள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால், நான் நிற்கவில்லையா என்று மார் தட்டுவேன்.

மூடுகிற காரணமாகக்கூட "டீயில் பேசினோம், வேண்டாம்" என்று எழுதுவதுதான் எங்கள் வழக்கம். ஜெர்மனியிலிருந்து திருத்தம் அனுப்பிய ஒருவர், டீ என்பது உங்கள் கமிட்டியின் பெயரா என்று கேட்டார். அதைச் சொல்லி மாதக் கணக்கில் சிரித்தோம்.

கயல் வந்தது போன வருஷம். பெரும்பாக்கத்திலிருந்து வருவாள். அதற்கு முன்னால் அவர்கள் வீடு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தது. எல்லோரையும் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பியபோது இவர்களும் போனார்கள். அவள் அம்மா தேவானைக்கு வேலை மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. கோட்டூர்புரத்தில் நாலு வீட்டில் சமையலும் பாத்திரமும். தினமும் விடிவதற்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும். கயல் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் கூட்டத்தில் எழுந்து நின்று, "உங்க ஆப்பு நல்லாகீது. ஆனா எங்கம்மாக்கு யூஸ் இல்ல," என்றாள்.

விஷயம் இதுதான். முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதே நம்பரில் காசு வாங்குகிற பஸ்ஸும் ஓடுகிறது. பதினைந்து நிமிஷத்தில் பஸ் வரும் என்று எங்கள் செயலி சொல்லும், எந்த பஸ் என்று சொல்லாது. தேவானை அதை நம்பிக் காத்திருந்து, வந்தது காசு பஸ்ஸாக இருந்தால் ஏறாமல் அடுத்ததற்கு நிற்பாள். வேலைக்கு நேரமாகிவிடும், வீட்டுக்காரம்மா முகம் சுளிப்பாள். கயல் ஒரு வழி வைத்திருந்தாள். பஸ்ஸில் ஏறுகிற பெண் செயலியில் ஒரு தட்டு தட்டினால் போதும், அடுத்தடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு அது கட்டணமில்லாத பஸ் என்று இளஞ்சிவப்பில் தெரியும்.

அதை அவள் ஆறேழு மாதம் உட்கார்ந்து எழுதினாள். நான் வரி வரியாகப் பார்த்தேன். சொல்லித்தர வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு இடத்தில் என் பழைய நிரலிலேயே இருந்த தப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் சரி செய்து வைத்திருந்தாள். பிப்ரவரி கடைசியில் அனுப்பினாள். மார்ச் கூட்டத்துக்கு வந்தபோது என்னைத் தனியாக ஓரம் கட்டினாள்.

"ஜலஜாக்கா, நாளைக்கு அடையார்ல ஒரு கம்பெனில இன்டர்வியூ. நீ எழுதுனது எதுனா இருந்தா லிங்க் குடுன்னு கேட்டாங்க. இதத்தான் குடுத்துகீறேன். சேத்துடுவீங்கல்ல?"

"சேராம எங்க போகும்? நான் இருக்கேன்ல," என்றேன்.

அன்றைக்கு மகளிர் தினக் கூட்டம். வருஷா வருஷம் அந்த மாதத்தில் குழுவிலிருக்கிற பெண்களுக்குப் பொன்னாடை போர்த்துவது எங்கள் சம்பிரதாயம். கயலுக்கு நான்தான் போர்த்தினேன். பளபளவென்று ஜரிகை வைத்த ஊதா நிறச் சால்வை. அந்த வெயிலில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கூச்சத்தோடு நின்றாள். திறந்த மென்பொருளில் பெண்களின் பங்கு பற்றி அஸ்வின் அரைமணி நேரம் பேசினான், நன்றாகவே பேசினான். பேச்சு நீண்டதில் அனுப்பியவற்றைப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று. கயல் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நான் வேணா கொஞ்ச நேரம் இருக்கவாக்கா? பஸ்ஸு போனாலும் பரவால்ல."

"நீ கெளம்பு. இருட்டிடும். நான் பார்த்துக்கறேன்."

அக்கறையாகத்தான் சொன்னேன். இருந்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தால் எப்படியாவது இருந்திருப்பாள். என்றைக்கும் நினைத்து நினைத்து ஆறாத இடம் இது.

டீக்கடையில் அஸ்வின்தான் ஆரம்பித்தான். இன்றைக்குப் புதிய பதிப்பை வெளியிட வேண்டும், அதற்கு முன்னால் காத்திருப்பதையெல்லாம் முடித்துவிட வேண்டும்.

"கயலோடது என்ன பண்றது? ஏற்கனவே ஸ்க்ரீன்ல இடமில்ல. ஓசி பஸ்ஸுக்குன்னு தனியா ஒரு கலரா?"

"யாராவது வேணும்னே தப்பா தட்டிட்டா?" என்றான் சஃப்வான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கயல் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள், ஆனால் அது என்னவென்று அவளளவுக்கு எனக்கு விளக்கத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் பஸ்ல ஏறி எத்தனை வருஷமாச்சு? பைக்ல வர்றவனுக்கு பஸ் ஆப்புல என்ன கருத்து?" என்று சத்தம் போட்டேன். கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். விடாமல் சண்டை போட்டேன். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். இப்போதைக்கு மூடிவிடுவது, அடுத்த பதிப்பில் முதல் வேலையாக எடுத்துக்கொள்வது. வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களை அடுத்த பதிப்புக்கு இழுத்து வந்துவிட்டேனே என்று எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

"மச்சி, நீயே மூடிடு," என்றான் அஸ்வின். அவன் கையில் மசால் வடை. நான் போனை எடுத்து, ஒரு கையில் டீ கிளாஸோடு கட்டைவிரலால் அடித்தேன். "டீயில் பேசினோம். இப்போது வேண்டாம்." அடுத்த பதிப்பில் வரும் என்று எழுதவில்லை. அதைத்தான் கயலிடம் நேரில் சொல்லப் போகிறேனே என்று நினைத்தேன். நாளைக்கு இன்டர்வியூ என்பது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் நிரலைத்தானே பார்ப்பார்கள், அது அங்கேயேதானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றிரவு அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் இன்டர்வியூ எப்படி நடந்தது என்று செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. பரீட்சை என்றான் சஃப்வான், வேலை கிடைத்திருக்கும் என்றான் அஸ்வின். நான் ஒருநாள் உட்கார்ந்து, பெண்கள் அனுப்பி நாங்கள் மூடியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் டீதான் இருந்தது. அதில் பாதி என் விரலால் அடித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். பூசாரிகளோடு நின்று நானும் மணி ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. இனி மாடியில் எல்லோர் முன்னாலும் பேசாத எதையும் முடிவு செய்யக் கூடாது, அனுப்பியவருக்கே பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் மூடக் கூடாது என்று சண்டை போட்டு விதி கொண்டுவந்தேன். டீயை பிளாஸ்க்கில் மாடிக்கே வரவழைத்தோம். அஸ்வின் முறைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். ஆகஸ்டில் கயலுடையதைச் சேர்ப்பது என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதற்குள் எங்கள் நிரல் எங்கேயோ மாறிப் போயிருந்தது, அவள் எழுதியது அதில் பொருந்தவில்லை. அவளே வந்து திருத்தினால்தான் நன்றாக இருக்கும். நான் போய் அழைத்து வருகிறேன் என்றேன். சாவியையும் அவளுக்குத் தருவதாக முடிவு செய்து வைத்திருந்தோம்.

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள் என்று அவள் தோழி சொன்னாள். ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் போய் வாசலில் நின்றேன். சீருடைப் புடவையில் வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னாக்கா இந்தப் பக்கம்? புடவையா?"

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

பஸ் ஸ்டாண்டை நோக்கிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே நடந்தோம். விதி மாறிய கதையைச் சொன்னேன், சாவியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இன்டர்வியூல என்ன ஆச்சு கயல்?"

"எல்லாத்துக்கும் கரெக்டா சொன்னேன்க்கா. கடசியா லிங்க்க தொறந்தாரு. செவப்பா மூடிகீது. கீழ நீங்க எழுதுனது. அவரு சத்தமா படிச்சாரு, 'டீயில் பேசினோம், இப்போது வேண்டாம்'னு. இன்னொருத்தரு சிரிச்சிட்டாரு. ஏம்மா வேணான்னாங்கன்னு கேட்டாங்க. எனக்கே தெர்ல, நான் இன்னா சொல்றது? நான் அங்க இல்லியே."

என்னால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உனக்காகத்தான் கயல் அவ்வளவு சண்டை போட்டேன். அடுத்த பதிப்புல சேர்க்கறதாதான் பேச்சு," என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"போட்டுருப்பீங்கக்கா. நீங்க நல்லவங்கதான். ஆனா என்ன போக சொல்லிட்டு எனக்காக பேசுனீங்க. நான் இருந்துருந்தா நானே பேசிருப்பேன். தோத்துருந்தாலும் ஏன் தோத்தேன்னு அந்த ஆளுக்கு சொல்லிருப்பேன்ல."

"தப்புதான். மன்னிச்சுடு. இப்ப வா. உனக்காகத்தான் எல்லாத்தையும் மாத்தியிருக்கோம்."

பஸ் ஸ்டாண்டில் பெண்கள் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டி முகப்பைப் பார்ப்பதும், இது இல்லை என்று பின்வாங்குவதுமாக இருந்தார்கள்.

"எனக்கு ஞாயித்துக்கெயம லீவு இல்லக்கா. சாவிய வச்சிகினு நான் இன்னா பண்றது? என்னுது வேணும்னா எடுத்துக்கோங்க. திருத்திக்கோங்க. அது எல்லாருக்கும் பொதுன்னு தெரிஞ்சிதான குடுத்தேன்."

"உன் நிரலுக்காக வரலை. நீ வேணும்னுதான் வந்தேன்."

"அப்ப அன்னிக்கி இருன்னு சொல்லிருக்கலாம்."

பெரும்பாக்கம் பஸ் வந்தது. இளஞ்சிவப்பு முகப்பு. கூட்டம் நகர்ந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா? உங்க வெப்சைட்டுல மொத பக்கத்துல என் போட்டோ கீது. சால்வ போட்டுகினு நிக்கிறது. பெண்களை வரவேற்கிறோம்னு மேல எழுதிகீது. கடையில யாரோ பாத்துட்டு, நீ கம்ப்யூட்டர் வேலதான செஞ்ச, இங்க ஏன் பில்லு போட்டுகினு கீறன்னு கேக்குறாங்க. அத மட்டும் எடுத்துடுங்க."

"எடுத்துடறேன்," என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு மாடியில் எல்லோர் முன்னாலும் அதை வைத்தேன். இப்போது அதுதானே விதி. கயல் தன் படத்தை எடுக்கச் சொல்கிறாள் என்றேன். ஏன் என்று அஸ்வின் கேட்டான், சொன்னேன். அந்த மாதம் புதிதாக வந்திருந்த இரண்டு பெண்கள் கயல் யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சஃப்வான் மெதுவாகக் கையைத் தூக்கினான். பிறகு அஸ்வின் தூக்கினான்.

படத்தை எடுத்துவிட்டேன். கயல் எங்களிடம் கேட்டு, நாங்கள் மறுக்காமல் செய்து கொடுத்த ஒரே மாற்றம் அதுதான்.