மாதா திருவிழாவில் எரிகோ

ரோஜேவுக்குப் பாட்டு வராது. கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த இரண்டாம் வாரமே, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அது உண்மைதான் என்று அவனுக்கே தெரியும். ஆனால் பக்தி நிஜமானது. அது எங்காவது வெளியே வந்தாக வேண்டும்.

2003 கோடையில் பாரிஸ் பக்கம் இருந்த அத்தை வீட்டுக்குப் போனான். அங்கே ஒரு கோயில் இளைஞர் முகாமில், கை முழுக்கப் பச்சை குத்தி, கழுத்தில் சிலுவை போட்ட நாலு பையன்கள் மேடையேறித் தொண்டை கிழியக் கத்தினார்கள். இதற்குப் பெயர் ஹார்ட்கோர் பங்க் என்றும், கத்துவதெல்லாம் ஆண்டவரைப் பற்றித்தான் என்றும் பக்கத்திலிருந்தவன் சொன்னான். ராகம் கிடையாது, சுருதி கிடையாது. தன்னாலும் முடிகிற ஒரு பாட்டைக் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் ரோஜேவுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதுச்சேரிக்குத் திரும்பியதும் சித்தப்பா மகன் லொரானைப் பிடித்தான். லொரானுக்கு கிட்டாரில் மூன்று கார்டுதான் தெரியும். மூன்றே அதிகம் என்று ரோஜே சொன்னதும் சம்மதித்தான். லாஸ்பேட்டைக் கல்லூரியில் லொரானோடு படித்த செம்மல் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். அவன் கிறிஸ்தவன் இல்லை. இது சரிப்படுமா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். டிரம் செட் அவனுடையது என்பதால் பேச்சு சீக்கிரம் முடிந்தது.

பெயர் வைக்கும்போது ரோஜே எரிகோ கதையைச் சொன்னான். பெரிய மதில் சூழ்ந்த ஊர்; ஆண்டவரின் ஜனங்கள் அதை ஏழு நாள் சுற்றி வந்து, கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து கத்த, மதில் இடிந்து விழுந்தது.

"கத்துனதுக்கே செவுரு வுழுந்துச்சா?" என்று கேட்டான் செம்மல். "அப்ப நம்ம பேரு அதான்."

முதல் ஒத்திகை ரோஜே வீட்டில் ஒரு மதியம் நடந்தது. அவன் அப்பா ஃபிலிப் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மதியத் தூக்கத்திலிருந்து லுங்கியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். திட்டவில்லை. யாருக்கு அடிபட்டது என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒத்திகை நடக்கவில்லை.

செம்மலின் மாமா கன்னியப்பன் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் டப்பா மூடி செய்யும் பட்டறை வைத்திருந்தார். பின்பக்கம் ஒரு ஷெட் சும்மா கிடந்தது. பக்கத்து அறையில் பிரஸ் மெஷின் நாள் முழுக்க டங், டங் என்று தகரத்தை வெட்டிக்கொண்டிருக்கும். இவர்கள் எவ்வளவு கத்தினாலும் அங்கே யாருக்கும் காதில் விழவில்லை. அடித்தொனி கொடுக்கும் பேஸ் கிட்டாருக்கு ஆள் தேடிச் சலித்தவர்கள், தரை வழியாக வரும் அந்த அதிர்வே போதும் என்று விட்டுவிட்டார்கள். செம்மலின் கை தன்னையறியாமல் மெஷினோடு சேர்ந்தே விழுந்தது. ஒரு வருஷம் இப்படியே ஓடியது. மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அடுத்த வருஷ மாதா திருவிழாவில் கலைநிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ரோஜே பங்குச் சாமியாரைப் பார்த்தான். பாட்டு எரிகோவைப் பற்றியது என்றான். இந்தக் காலத்துப் பையன்கள் வேதத்தையெல்லாம் படிக்கிறார்களே என்று சாமியார் மகிழ்ந்துபோய் அரைமணி நேரம் ஒதுக்கினார். பாடிக் காட்டச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பந்தல் நிறைந்திருந்தது. ரோஜேவின் அம்மா சிமோன் புதுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் செம்மல் குச்சியைத் தூக்கியபடி எதற்கோ காத்திருந்தான். ஆரம்பிக்கச் சொல்லி லொரான் சைகை காட்டினான். செம்மலுக்கு என்ன குறைகிறது என்று தெரியவில்லை, ஏதோ குறைந்தது. பயத்தில் அடித்துவிட்டான். பயத்துக்கு என்ன வேகமோ அந்த வேகம். லொரான் பின்னாலேயே துரத்தினான். ரோஜே மூச்சு விட இடமில்லாமல் கத்திக்கொண்டே போனான். நிமிர்ந்து பார்த்தால் அரைமணி நேரத்துக்கென்று வைத்திருந்த ஏழு பாட்டும் பத்தே நிமிஷத்தில் தீர்ந்துபோயிருந்தது.

விழாக்குழுவைச் சேர்ந்த தெய்வசிகாமணி நிதானமாக மேடையேறி மைக்கை வாங்கினார்.

"மைக் டெஸ்டு நல்லா வந்துருக்கு. இப்ப நம்ம எரிகோ தம்பிங்க பாட்டு பாடுவாங்க."

ரோஜே லொரானைப் பார்த்தான். லொரான் கிட்டாரைப் பார்த்தான். செம்மல்தான் குனிந்து சொன்னான்: "மறுபடி அதையே அடிக்கலாம்டா. எவனுக்குத் தெரியப்போவுது."

அதையே அடித்தார்கள். அப்போதும் நேரம் மீந்தது. மூன்றாவது தடவை தொடங்கும்போது, தேர் தூக்க வந்திருந்த பையன்களுக்குப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. "சுவரே விழு" என்று ரோஜே கத்தியதும் அவர்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். ஒருவன் மேடையைச் சுற்றி ஓடினான். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். சுவர் எதுவும் விழவில்லை. பந்தல்கால் ஒன்று மட்டும் சாய்ந்தது. அதை மைக் செட்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

தனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று சாமியார் பிறகு சொன்னார். ஆனால் தேர் தூக்கும் பையன்கள் ஆசீர்வாதம் முடியும்வரை கோயில் வளாகத்திலேயே இருந்ததை இன்றுதான் பார்ப்பதாகவும் சொன்னார். அடுத்த வருஷமும் வரலாம், ஒரு தடவை பாடினால் போதும் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது சிமோன் தெருமுனையில் நின்று கேட்டாள்.

"யார் மேலடா உனக்கு இவ்ளோ கோவம்?"

"பிசாசு மேலம்மா."

"அது உன்ன இன்னா பண்ணுச்சி?"

ரோஜேவுக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: வீட்டில் யார் மேலோ உள்ள ஆத்திரத்தைத்தான் மகன் ஊரறியக் கொட்டுகிறான் என்று நினைத்து அவள் கலங்கிப்போயிருந்தாள்.

"கோவமே இல்லம்மா," என்றான். "எனக்கு சந்தோஷம் வந்தா இப்டிதான் வருது."

அவள் அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு நடந்தாள். பிறந்தபோதும் இப்படித்தான் கத்தினான் என்று ஃபிலிப்பிடம் அன்று சொன்னாளாம்.

மறுபடி ஷெட்டுக்குப் போனபோது, மெஷின் ஓடத் தொடங்கிய நொடியில் செம்மல் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் குறைந்தது இதுதான் என்று சிரிக்க ஆரம்பித்தான். மெஷின் வேகமா, மேடை வேகமா என்பதில் குழுவுக்குள் முதல் சண்டை வந்தது. மெஷினோடு வாசித்தால்தான் கை வலிக்காது என்றான் லொரான். மேடையில் ஓடிய ஓட்டத்தைச் செம்மல் விடுவதாயில்லை. ரோஜே செம்மல் பக்கம் நின்றான். பட்டறை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்ததும் ஒத்திகை என்று முடிவாயிற்று. அப்புறம் எரிகோவைக் கேட்டு உழவர்கரையிலிருந்து மூன்று திருவிழாக்காரர்கள் வந்தார்கள்.

2006இல் ரோஜே அப்பாவைப் போலவே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கிளம்பினான். குழு அதோடு முடிந்தது என்றுதான் லொரானும் செம்மலும் நினைத்தார்கள். ஆனால் மாதா திருவிழாவுக்குத் தேர் தூக்கும் பையன்கள் வந்து நின்றார்கள். பாட ஆள் இல்லை என்று லொரான் சொன்னான். நாங்கள் எதற்கு இருக்கிறோம் என்று கேட்டார்கள்.

அன்றைக்கு அவர்கள் அத்தனை பேரும் ஒரே மைக்கில் கத்தினார்கள். பந்தல் ஓரத்தில் சிமோன் செல்போனை மேடை பக்கமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் ராணுவ முகாமிலிருந்து ரோஜே கேட்டுக்கொண்டிருந்தான். கை வலித்தபோது மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.