சொல்லாமல் விட்ட காய்ச்சல்

காய்ச்சல் தொடங்கிய நான்காம் நாள் காலையில் சில்வண்டு பேச்சை நிறுத்திவிட்டாள். ஏழு வயது. கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாய் ஓயாது என்பதால் அவளுடைய அப்பா வைத்த பெயர் அது. முந்தின நாள் நூற்றிமூன்று டிகிரி அடித்தபோதுகூட, தெர்மாமீட்டரைக் கடித்துக்கொண்டே ஏதோ கதை அளந்தவள், இப்போது வயிற்றைப் பிடித்தபடி சுவர்ப்பக்கம் சுருண்டு கிடந்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற பதினாலு மாடிக் குழிக்குள் நின்று பிரேக் சரிபார்க்கிற மனுஷன். அங்கெல்லாம் நிதானம் தவறாதவன், அன்று மகளின் சட்டைப் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டான்.

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மகளின் இமையை விலக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணும் செவசெவன்னு இருக்கு. ஆனா பீளையே கட்டலைங்க. கண்வலின்னா இப்படி இருக்காது."

உதடு வெடித்திருந்தது. முதுகில் திட்டுத் திட்டாய்த் தடிப்பு. அவ்வளவையும் பார்த்தபோது அப்பாவுக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டான். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாடகைக் காரில் ஏறினார்கள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் வயிற்றைத்தான் பார்த்தார்கள். வலதுபக்கம் அடிவயிற்றில் கை வைத்ததும் குழந்தை துடித்தாள். குடல்வால் வீங்கியிருக்கலாம், அறுவை சிகிச்சை டாக்டரை வரச் சொல்கிறோம் என்றார்கள். குழந்தைகள் டாக்டரம்மா மட்டும் வயிற்றோடு நிற்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், விரல்களை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

"போன ஒண்ணு ரெண்டு மாசத்துல வீட்ல யாருக்காவது கொரோனா வந்துச்சா?"

"இல்லவே இல்லை டாக்டர். யாருக்கும் வரலை," என்றாள் அம்மா.

அவன் குனிந்து மகளின் செருப்பை எடுத்து, ஒட்டாத தூசியைத் தட்டினான்.

வந்திருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால், அவனுக்கு. மருந்துக்கடையில் வாங்கிய சோதனைப் பெட்டியை வேலையிடத்துக் கழிவறையில் வைத்துப் பார்த்தான். இரண்டு கோடு விழுந்தது. மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மனைவி கண்ணாடிக் கடையில் சேர்ந்து அன்றைக்கு மூன்றாவது நாள்தான். சொன்னால் வீடே பத்து நாள் அடைபட வேண்டும். அவளுக்காகக் கடைக்காரர் காத்திருப்பாரா? பெட்டியை நசுக்கிக் குப்பையில் போட்டான். மோட்டார் அறைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, முகக்கவசத்தைக் கழற்றாமல் கூடத்தில் படுத்துக்கொண்டான். நான்கு நாளில் இருமல் போய்விட்டது. அந்த வாரம் சில்வண்டுக்கு ஒருநாள் மூக்கு ஒழுகியது, கொஞ்சம் வயிற்றுப்போக்கு. மறுநாளே கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று அவனும் மறந்துவிட்டான்.

இப்போது அவனுக்கு உட்கார முடியவில்லை. நடைக்கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். தண்ணீர்க் குழாய்க்குப் போனான், குடிக்காமல் திரும்பினான். கோடியில் லிஃப்ட் கதவு மூடப்போய் மூடப்போய்த் திறந்துகொண்டிருந்தது. சென்சாரில் அழுக்கு என்று காது தானாகச் சொல்லிற்று. ஐந்து வாரமாகிவிட்டதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். சம்பந்தம் இல்லையென்றால் டாக்டர் ஏன் 'ஒண்ணு ரெண்டு மாசம்' என்று கேட்கிறார்? பெஞ்சில் இருந்த மனைவி, ஒரு இடத்தில் இருங்களேன், பார்க்கிற எனக்கே மூச்சு வாங்குகிறது என்றாள். இருந்தான். மறுபடி எழுந்தான்.

அரைமணியில் நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தார். ரத்த அழுத்தம் இறங்குகிறது, ஸ்கேன் முடிந்ததும் தேவைப்பட்டால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், அப்பா கையெழுத்து வேண்டும் என்றார். பேனாவை வாங்கினான். பெயரின் முதல் எழுத்துக்குமேல் ஓடவில்லை.

டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று பேனாவோடு எழுந்து போனான். மகளின் படுக்கைக்கு வெளியே அவரைக் கண்டுபிடித்தபோது, படிவத்தை எடுத்துக்கொண்டு மனைவியும் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். இனி தனியாக என்று ஒன்று இல்லை.

"டாக்டர், எனக்கு வந்துச்சு. அஞ்சு வாரம் ஆச்சு. டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், ரெண்டு கோடு. யார்கிட்டயும் சொல்லலை. இவளுக்கும் தெரியாது."

டாக்டர் திட்டவில்லை. தேதி என்ன, குழந்தைக்கு அப்போது என்ன இருந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"குழந்தைங்களுக்குப் பெரும்பாலும் சளி, காய்ச்சலோட போயிடும். சில பேருக்கு எதுவுமே தெரியாது. ரொம்ப அபூர்வமா, நல்லாகி சில வாரம் கழிச்சு உடம்போட எதிர்ப்பு சக்தியே திரும்பி உடம்பைத் தாக்கும். கண்ணு, நாக்கு, தோலு, வயிறு எல்லாத்துலயும் காட்டும். எனக்குப் பயம் இதயத்தைப் பத்தித்தான். ஆபரேஷனை நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

அதற்குப்பின் எல்லாம் ஓட்டமாக நடந்தது. வயிற்று ஸ்கேனில் குடல்வாலில் கோளாறு தெரியவில்லை. குடலோரத்து நிணநீர் முடிச்சுகள்தான் வீங்கியிருந்தன. ரத்தம் எடுத்தார்கள். இதயத்தை ஸ்கேன் செய்து, தசை சோர்ந்திருக்கிறது, வேண்டிய அளவுக்கு ரத்தத்தைத் தள்ளவில்லை என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவர்தான் இருக்கலாம் என்றதும் மனைவி அவனைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற மருந்து ஒன்று, கூடவே ஸ்டீராய்டு. அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். கால் மரத்துப்போனால் நடந்தான். நடுவில், அந்த வாரம் தன்னோடு ஒரே லிஃப்ட் குழிக்குள் வேலை பார்த்த கூட்டாளிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னான். தன் வீட்டில் எல்லோரும் நலம்தான், ஆனால் தன் அப்பாவுக்கு எண்பது வயது என்பதை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. ரத்த அழுத்தம் சீராக நிலைத்தது. அவனை உள்ளே விட்டார்கள். சில்வண்டு தன் கையில் ஊசியை ஒட்டியிருந்த, யானைப் படம் போட்ட பிளாஸ்திரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்த யானையைத் தலைகீழா ஒட்டிட்டாங்க. அதுக்குத் தலை சுத்தாதா?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள்.

அன்று மத்தியானம்தான் மனைவி அவனிடம் பேசினாள். வெளியே பெஞ்சில், பக்கவாட்டில் பார்த்தபடி.

"நீங்க சொல்லியிருந்தாலும் அவளுக்கு இது வந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. எனக்காகத்தான் மறைச்சீங்கன்னும் புரியுது. ஆனா யாருக்கும் வரலைன்னு என் வாயால சொல்ல வச்சீங்க. அதை நம்பி அவ வயித்தைக் கிழிச்சிருந்தா?"

அவன் சொல்ல இருந்ததை ஐந்து வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. சில்வண்டை உட்கார வைப்பதற்குள் இருவருக்கும் தாவு தீர்ந்தது. இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இதயம் பழையபடி ஆகியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மனைவியின் வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. குழந்தைக்கு முடியவில்லை என்றால் முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கடிந்துகொண்டதோடு சரி.

வீட்டில் சமையல் நடந்தது, பேச்சும் நடந்தது. ஆனால் மறுபரிசோதனைக்குப் போன ஒவ்வொரு தடவையும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் உண்டா என்று டாக்டர் கேட்டால் மனைவி பதில் சொல்வதில்லை. அவன் பக்கம் திரும்பி, அவன் வாயைத் திறக்கும்வரை காத்திருப்பாள்.