பனியில் நின்ற காட்ஸ்

பெட்டிக்குள் கிடந்தவரின் வேட்டிக் கரையை நேராக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் சாந்தாமணி திரை இடுக்கு வழியே பார்த்தாள். காட்ஸ் வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தார்.

முந்தாநாள் காலை காபி குடித்துவிட்டு டிரைவ்வேயில் ஸ்னோ தள்ளப் போன மனுஷன், அவள் புருஷன் நெடுஞ்செழியன். அந்த டம்ளரைக்கூட அவள் இன்னும் கழுவவில்லை. செத்துவிட்டார் என்று பிரிட்ஜ்வாட்டர் ஊரே வந்து சொன்னபோதும் காதோடு போனதே தவிர, உள்ளே இறங்கவில்லை. இது இறங்கியது. அவருடைய ஒரே சிநேகிதன் உள்ளே வரவில்லை.

மகள் தீக்ஷா போய்க் கேட்டுவிட்டு வந்து ஆங்கிலத்தில் சொன்னாள். அங்கிள் யூதர்களில் பூசாரி வம்சமாம். பிணம் இருக்கிற கூரைக்குக் கீழே வரக்கூடாதாம்.

"தீட்டா?" என்றாள் சாந்தாமணி. "அமெரிக்கா வந்தும் இந்தக் கருமம் நம்மள விடாதா?"

காட்ஸ் வியாழக்கிழமை தவறாமல் வந்தவர்தான். அந்தக் காலத்து யூத குருமார்களான ரபிகள் வாய்வழியாகவே காத்து, பிற்பாடு எழுதி வைத்த சட்டங்களை இருவரும் உரக்கப் படித்துச் சண்டை போடுவார்கள். நெடுஞ்செழியனுக்குச் சாமி கிடையாது, வாதம்தான் உயிர். தோற்ற கட்சியின் பேச்சையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்களே என்று மேசையைத் தட்டுவார். காட்ஸ் அவள் சமைத்ததை ஒரு வாய் தின்றதில்லை. ஆரஞ்சைக்கூடத் தானே உரித்துக்கொள்வார். அதையெல்லாம் பொறுத்தவளுக்கு இது பொறுக்கவில்லை.

கோட்டுகூடப் போடாமல் வெளியே போனாள். அவர் உடம்பு உங்களுக்கு அவ்வளவு அசிங்கமா என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டே விட்டாள்.

காட்ஸின் முகம் அழுது வீங்கியிருந்தது. உள்ளே வர வழி இருக்கிறது என்றார். யூதர் அல்லாதவரின் உடலுக்கு அந்தத் தீட்டு இல்லை என்று ஒரு ரபி சொல்லியிருக்கிறாராம். மனிதன் செத்தால் தீட்டு என்கிற வேதத்தில், மனிதன் என்பது யூதரை மட்டும்தான் என்பது அவர் வாதம். மற்ற ரபிகள் அதை ஒப்பவில்லை.

"அதைப் படித்த அன்று, 'அப்படியானால் நான் யார்?' என்று உங்கள் கணவர் கேட்டார்," என்றார் காட்ஸ். "நான் உள்ளே வந்தால், அந்த ஒருவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்."

சாந்தாமணி உள்ளே வந்து திரையை முழுக்க ஒதுக்கினாள். மகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை ஜன்னலோரம் தள்ளினாள்.

கண்ணாடிக்கு வெளியே காட்ஸின் உதடுகள் அசைந்தன. வியாழக்கிழமைகளில் போலவே வலது கை காற்றை வெட்டி வெட்டி ஏதோ வாதாடியது. பிறகு கையைத் தாழ்த்திக்கொண்டு, நெடுஞ்செழியன் பேசட்டும் என்று காத்து நின்றார்.