கருஞ்சிட்டு: பழக்கம், உணவு, கூடு

0.

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு சுற்றாடல் கழகம் பாடசாலைப் பிள்ளைகளுக்காகத் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டது. மூன்று தலைப்பு, முந்நூறு சொல். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு இது ஒரு வேலையா? பழக்கத்தையும் உணவையும் ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். கூட்டை மட்டும் கண்ணால் பாராமல் எழுதுவதில்லை என்று வீம்பு பிடித்து, ஓட்டமாவடியில் என் பழைய மாணவி ஷாகிராவின் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அந்த வீம்பு இல்லாதிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். பறவையின் பெயரை மாற்றவில்லை.)

1. பழக்கம்

கருஞ்சிட்டு ஆள் நடமாட்டத்துக்குக் கூசாத குருவி. ஆண் நல்ல கறுப்பு, தோளில் ஒரு வெள்ளைத் தீற்று. வாலை நிமிர்த்தினால் அடியில் செங்கல் நிறம் தெரியும். பெண் மங்கலான கபிலம். சுவர்ப் பொந்து கிடைத்தால் மரத்தைத் தேடாது.

ஷாகிரா கூட்டைக் கண்ட அன்று காலை, வாவிப் பக்கமிருந்து ஒரு கெட்ட காற்று—

இல்லை. அன்று காற்றே இல்லை. பயம் வரவேண்டிய இடத்தில் காற்றைக் கூப்பிடுவது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம். வெயில் அடித்தது. காலை பத்து மணி. கிணற்றடிக் குளியலறைச் சுவரில் ஒரு கல் பெயர்ந்திருந்த பொந்துக்குள் ஷாகிரா எட்டிப் பார்த்தாள். புல்லும் பஞ்சும் வைத்த சின்னக் கூடு. பாம்புச் சட்டைத் துண்டு ஒன்று.* நடுவில் இரண்டு முட்டை. அவற்றின் கீழே வட்டமாகச் சுற்றி வைத்த நீண்ட முடி, மருதோன்றிச் சிவப்பில்.

அது ஸஹ்ராவின் முடி.

ஸஹ்ரா அவளுடைய ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள். இந்த வீடு ஸஹ்ராவுக்குச் சீதனமாகக் கட்டியது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கிழமைக் காய்ச்சலில் அவள் மௌத்தானாள். எட்டு மாதம் கழித்து, அவள் கணவன் நிஸ்தாருக்கு ஷாகிராவையே முடித்து வைத்தார்கள். வீடு மாறாமல், மாப்பிள்ளை மாறாமல், பெண் மட்டும் மாறினாள். முன்பும் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டாள். இப்போதும் அதே அழைப்பு.

முப்பது வயதிலேயே நரைத்த ராத்தா மாதம் தவறாமல் மருதோன்றி அரைத்துப் பூசுவாள். ஷாகிராவின் தலை கன்னங்கரேல். ராத்தாவின் மையித்தைக் குளிப்பாட்டிய அன்று அந்தத் தலையைச் சீவியது ஷாகிராதான். சீப்பில் வந்த முடியைக்கூட ஒன்று விடாமல் எடுத்துக் கபன் துணிக்குள் வைத்தாள். மையித்தின் முடி மையித்தோடு போகவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

* பாம்புச் சட்டையை நான் பயத்துக்காகச் சேர்க்கவில்லை. இந்தக் குருவி அதைத் தேடியெடுத்து வைக்கும். கழகத்தார் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அந்த வரியை வெட்டச் சொன்னார்கள்.

2. உணவு

கறையான், எறும்பு, வண்டு, தத்துவெட்டி. குஞ்சு பொரித்தால் பல்லிக்குட்டியும். நிலத்தில் தத்தித் தத்தி மண்ணைக் கிளறித் தின்னும்.

ஷாகிரா மூன்று நாள் காலையில் பார்த்திருந்தாள். மூன்று நாளும் குருவி, ராத்தாவை அடக்கிய மையவாடிப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அங்கே மணல் இளக்கம், கறையான் அதிகம். அவ்வளவுதான் காரணம் என்று நான் அவளிடம் சொன்னேன்.

"முடியும் அங்க இரிந்துதானா, டீச்சர்?"

என் இரண்டாவது பிரதியில் குருவியைச் சலூன் பக்கம் திருப்பிவிட்டேன். மருதோன்றி போட்ட தாடிகள் ஊரில் எத்தனை இல்லை! எழுதி முடித்துச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் யோசித்தேன், ஒன்றரை முழத் தாடி ஓட்டமாவடியில் யாருக்கும் இல்லை.

3. கூடு

அரிசி ஆலை லொறி ஓட்டும் நிஸ்தார் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"மச்சான், ராத்தாட முடி ஏதும் எடுத்து வெச்சிருந்தீங்களா?"

"என்ன பேச்சு புள்ள இது?"

"குருவிக் கூட்டுக்குள்ள கிடக்கு. வந்து பாருங்க."

அவர் பார்த்தார். சோறு ஆறும்வரை பார்த்தார். ஒரு விரலை நீட்டி முட்டைக்குப் படாமல் முடியைத் தொட்டார்.

(இந்த இடத்தில் முதற்பிரதியில் அவர் அழுது, முடியைப் பிஸ்கட் டின் ஒன்றில் ஒளித்து வைத்ததை ஒப்புக்கொள்கிறார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மூன்று முறை எழுதியும் அவர் வாயில் அந்தப் பொய் நிற்கவில்லை.)

"அல்லாஹ் அறிய நான் ஒண்டும் வெக்கல்ல."

"மறுகா எங்கால வந்த?"

"தெரியாகா."

"குஞ்சு பறக்கட்டும். எடுத்து மண்ணுக்குள்ள வெச்சிடுவம். அதுதான் ராத்தாக்கு நல்லம்."

நிஸ்தார் கையைக் கழுவினார். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "இரிந்திட்டுப் போகட்டுமே. ஆருக்கு என்ன செய்யுது அது?"

ஷாகிராவுக்கு வயிறு எரிந்தது. செத்துப்போன கூடப்பிறந்தவள் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது. ராத்தாவின் அமைதிக்காகத்தான் புதைக்க நினைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. இந்த வீட்டில் தான் ஒருத்தியே பெண்சாதியாக இருக்கவேண்டும் என்பது மறுபாதி.

4. முடிவுகள்

அ) குஞ்சுகள் பறந்ததும் ஷாகிரா முடியைப் புதைக்கிறாள். நிஸ்தார் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, பிறகு எதைப் பற்றியும்—

ஆ) நிஸ்தார் சீமெந்து குழைத்துப் பொந்தை அடைக்கிறார், கூட்டோடு—

இரண்டையும் விட்டுவிட்டேன். நடந்ததைச் சொல்லுகிறேன்.

குஞ்சுகள் பறந்தன. கணவன் வீட்டில் இருந்த நாட்களில் ஷாகிரா துணியவில்லை. இரண்டு கிழமை கழிந்து, நிஸ்தார் பொலநறுவைக்கு லோட் ஏற்றிப் போன ஒரு பகலில், வெள்ளைத் துணித் துண்டோடு ஸ்டூலில் ஏறிப் பொந்துக்குள் கையை விட்டாள். கூடு சுட்டது. புதிதாக இரண்டு முட்டை. சிவப்பு முடிக்கு மேலே இன்னொரு சுற்று முடி, கன்னங்கரேல் என்று, சிவப்போடு உள்ளும் புறமுமாகப் பின்னியிருந்தது. ஒன்றை இழுத்தால் மற்றதும் வந்தது.

அவள் தன் முடியைக் கண்ட இடத்தில் போடுகிறவள் அல்ல. சீப்பில் வருவதைச் சுருட்டிக் கடதாசியில் மடித்து வேலியோரம் புதைப்பாள். போய்த் தோண்டிப் பார்த்தாள். கடதாசி இருந்தது. மடிப்புக் கலையவில்லை. உள்ளே ஒன்றுமில்லை.

அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாள். குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"டீச்சர், மண்ணுக்குள்ள வெச்சதும் மண்ணுக்குள்ள நிக்குதில்ல. பிரிக்கவும் ஏலா. ராத்தாட எண்டு புதைச்சா என்னயும் சேத்தெல்லா புதைக்கணும். நீங்க எழுதுறவதானே, சொல்லுங்க. என்ன செய்யிற?"

நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் மறுபடி ஏறிய ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. கையில் வெள்ளைத் துணி. எதிரே மதிலில் பெண் குருவி அவள் நகரும்வரை காத்து நிற்கிறது. எனக்கு இதற்குமேல் எழுத வராது, எழுதவும் மாட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் எனக்கல்ல, அவளுக்குச் சொல்லுங்கள். முட்டை பொரிக்கப் பன்னிரண்டு நாள் செல்லும்.