எங்க பாத்து அழணும்மா?

வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகை பெங்களூர் பதிப்பை மூடியபோது டீனா நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இனி செய்தியெல்லாம் போனில்தான் என்றார்கள். சரியென்று ஒரு யூடியூப் செய்தி சேனலில் நிருபராகச் சேர்ந்தாள். காக்ஸ் டவுனிலிருந்து பஸ் மாறிப் போய்வந்தாள்.

ஆனேக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலைச் சுவர் இடிந்து சண்முகம் என்ற தொழிலாளி செத்துப்போனார். டீனாவும் கேமராக்காரன் ரகுவும் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி தமயந்தி தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். “செவுரு விரிஞ்சிருக்குன்னு அப்பவே சொன்னாரும்மா. மேனேஜரு காதுலயே வாங்கல.”

ரகு டீனாவின் காதருகே குனிந்தான். “மைக் ஆன் ஆகல மேடம். இப்பதான் போட்டேன்.”

“அக்கா, இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்றீங்களா?” என்றாள் டீனா.

தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எங்க பாத்து அழணும்மா?”

டீனா அவள் கண்ணைப் பார்க்காமல் கேமராவைக் காட்டினாள்.

மறுநாள் வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள்.

“இனி நீங்கதான் வீடியோ டீம் ஹெட்!” என்று எடிட்டர் ஸ்ரீஹர்ஷா அவள் வாயில் ஒரு துண்டைத் திணித்தான். பின்னால் பெரிய திரையில் தமயந்தி சோக இசைக்கு நடுவே அழுதுகொண்டிருந்தாள். விரிசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அவங்க சொன்னதை ஏன் வெட்டினீங்க?”

“பேக்டரி வம்பு நமக்கு பேடா, வேணாம் டீனா. அழுகை போதும். ஜனங்க அதைத்தான் பாக்கறாங்க.”

டீனா வாயில் மிச்சமிருந்த கேக்கைக் காகிதத்தில் துப்பினாள். புதுப் பதவியோடு சேனலின் பாஸ்வேர்டும் அவள் கைக்கு வந்திருந்தது. அந்த வீடியோவை நீக்கிவிட்டு, தமயந்தி பேசியதை வெட்டாமல், இசையில்லாமல் ஏற்றினாள். தான் மறுபடி சொல்லச் சொன்னதையும் அப்படியே விட்டாள்.

“உனக்கென்ன பைத்தியமா?” என்று ஸ்ரீஹர்ஷா கத்தினான். சாயந்திரத்துக்குள் அந்த வீடியோவும் போனது, அவள் வேலையும் போனது. அழுகைத் துண்டு மட்டும் போகவில்லை. யார் யாரோ எடுத்து, புதுப்புதுப் பாட்டுப் போட்டு ஓட்டினார்கள்.

ஆனால் தொழிற்சங்கத்துக்காரர்கள் முழு வீடியோவை முன்பே இறக்கி வைத்திருந்தார்கள். அதைக் காட்டிப் புகார் கொடுத்தார்கள். மேனேஜர் கைதானார்.

உடனே ஸ்ரீஹர்ஷாவிடமிருந்து போன் வந்தது. “விஷயம் பெருசாயிடுச்சு டீனா. அந்தம்மா உங்ககிட்டதான் பேசுவாங்க. அதே போஸ்ட் தர்றேன், வந்துடுங்க. இந்தத் தடவை அவங்க குழந்தைங்களையும் பக்கத்துல உக்கார வச்சு எடுக்கலாம்.”

டீனா போனைத் துண்டித்து அந்த எண்ணை பிளாக் செய்தாள். போனைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்த பிறகுதான் பைக்குள் போட்டாள்.