டல்லாஸில் எரிந்த அடுப்பு

"அஞ்சே நிமிஷம்" என்று தீபக் மறுபடியும் சொன்னான். காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். ஹம்சா பால்கனிக் கதவுக்கும் சமையலறைக்கும் நடுவில் நடந்து நடந்து ஓய்ந்துபோனாள். மேடைமேல் பனீர் மசாலாவில் ஊறிக் கிடந்தது. நறுக்கி வைத்த அன்னாசி தண்ணீர் விட ஆரம்பித்திருந்தது. உள்ளே எல்லாம் தயார். வெளியே அடுப்புதான் சூடாகவில்லை.

அடுப்பென்றால் சாதாரண அடுப்பில்லை. டல்லாஸில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஹைதராபாத் வந்தபோது, சோபாவைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டு, தீபக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த பெல்லட் கிரில். கோழித்தீவனம் போலிருக்கும் மரத்தூள் துண்டுகளை மேலே கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுழன்று அவற்றை அடியிலிருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். அங்கே ஒரு கம்பி பழுக்கக் காய்ந்து பற்றவைக்கும். விசிறி ஊதும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசலாம். தன் கச்சிபௌலி ஃபிளாட்டுக்கு வந்தபின் இன்றைக்குத்தான் அதன் உறையைக் கழற்றியிருந்தான்.

"டல்லாஸ்ல பிரமாதமா எரிஞ்சுது" என்றான், குனிந்தபடியே.

ஹம்சாவுக்கு எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. அவள் சாஃப்ட்வேர் டெஸ்டர். எந்தத் தப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனாலும் புரோகிராம் எழுதினவர்கள் சொல்வது ஒன்றுதான்: என் மிஷினில் ஓடுகிறதே! தீபக்கும் அந்த ஜாதிதான்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"நக்கோ மேடம், நக்கோ. நீ போய் உக்காரு." அவளிடம் கற்ற ஹைதராபாத் 'வேண்டாம்'-ஐ அவளிடமே திருப்பினான்.

உட்கார முடிந்தால்தானே. இன்னும் சற்று நேரத்தில் ஊரின் மறுகோடியான மாரேட்பள்ளியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்துவிடுவார்கள். தீபக்கை அவர்கள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. போன மாதம் அவன், "கட்டிக்கலாமா ஹம்சா?" என்று நேராகவே கேட்டுவிட்டான். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்ற ஒரு சொல்லை அவள் இன்னும் சொல்லவில்லை. "உனக்கே தெரியலைன்னா நாங்க எதுக்குடி சாப்பிட வரணும்?" என்று அம்மா கேட்டதற்கு, "லஞ்ச் முடியட்டும், சொல்றேன்" என்று ஒப்பேற்றி வைத்திருந்தாள்.

தயக்கத்தின் காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாது. காரணம் அப்பா. வைத்தியநாதன் தங்கமான மனிதர்தான். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. பஞ்சரான ஸ்கூட்டரோ, தப்பான ரயிலோ, எல்லாம் அவருக்குத் தெரிந்தேதான் நடக்கும். அம்மா மங்களம் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தப்பான ரோட்டில் பேசாமல் போய்க்கொண்டிருக்கிறாள். அந்த சீட்டில் உட்கார ஹம்சாவுக்கு இஷ்டமில்லை. தீபக்கை நினைக்கும்போதெல்லாம் இதுதான் உறுத்தியது. இவன் எப்படி?

போன் அடித்தது. அம்மா ரகசியக் குரலில் பேசினாள்.

"ஹம்சா, பிளேனெல்லாம் ரொம்பத் தாழ்வா பறக்கறதுடி."

"ஐயோ, அது ஏர்போர்ட் பக்கம்மா! அவுட்டர் ரிங் ரோடுல ஏறிட்டேளா?"

"ஏறிட்டோம். இறங்கத்தான் தெரியலை. யாரையாவது கேளுங்கோன்னா, 'கைக்கு, எதுக்கு'ங்கறார்."

"எல்லாம் தெரியும், போனை வை!" என்று பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

ஹம்சா பால்கனிக்குத் திரும்பினாள். தீபக் நெற்றியெல்லாம் கரியோடு நிமிர்ந்தான். முகத்தில் ஒரு யோசனை பளிச்சிட்டது.

"ஹம்சா, கீழ ஹோட்டல்ல பனீர் டிக்கா நல்லாயிருக்கும். வாங்கிட்டு வந்து இதுமேல பரப்பி மூடி வெச்சிட்டா..."

"வெச்சிட்டா?"

"நான் செஞ்சதுன்னே நினைச்சுக்குவாங்க."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 

"உன் இஷ்டம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பாவிடம் அம்மா சொல்கிற அதே 'உங்க இஷ்டம்', அதே தொனி. தன் குரலில் அதைக் கேட்டு அவளுக்குத் திக்கென்றது. உள்ளே போய்க் கழுவின தட்டுகளையே எடுத்து மறுபடி கழுவினாள்.

ஒருவழியாக அழைப்பு மணி அடித்தது.

"ஒரே டிராஃபிக்" என்றபடி வைத்தியநாதன் நுழைந்தார்.

"ஆமாம், ரன்வேல" என்றாள் பின்னால் வந்த மங்களம்.

தீபக் ஓடி வந்து, "வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி" என்று கும்பிட்டான். கையில் போன் இருந்தது. ஹோட்டலைக் கூப்பிட்டாகிவிட்டதா, இனிமேல்தானா என்று ஹம்சாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் மனமில்லை.

வைத்தியநாதன் நேராகப் பால்கனிக்கே போனார். "என்ன, அமெரிக்கா சமையல்னு ஹம்சா சொன்னா. வாசனையே வரலையே?"

தண்ணீர் டம்ளரோடு ஹம்சா அப்படியே நின்றாள். தீபக் கையிலிருந்த போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். போனைப் பாக்கெட்டில் போட்டான்.

"சூடாகலைங்க அங்கிள்."

"ஏன்?"

"தெரியலைங்க."

"தெரியலையா? நீங்க இன்ஜினியர்தானே?"

"இன்ஜினியர்தானுங்க. இருந்தாலும் தெரியலைங்க." காது நுனி சிவந்திருந்தது. "ஹம்சா காலையிலிருந்து கேட்டுட்டே இருக்கா. நான்தான் வீம்புக்குக் கிட்ட விடலை. ஹோட்டல்ல வாங்கி ஏமாத்திடலாமான்னுகூடப் பாத்தேன்." அவள் பக்கம் திரும்பினான். "ஹம்சா, கொஞ்சம் வந்து பாரேன்."

ஆட்டத்தின் விதியே தெரியாமல் ஆட வந்தவனைப் பார்ப்பதுபோல வைத்தியநாதன் அவனைப் பார்த்தார். ஹம்சா டம்ளரை அம்மா கையில் திணித்துவிட்டுக் கிரில் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னென்ன பாத்தே? வரிசையா சொல்லு."

"விசிறி சுத்துது. திருகு சுத்துது. பெல்லட் விழுது. நனைஞ்சு போச்சோன்னு உடைச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. கம்பிதான் சிவக்க மாட்டேங்குது."

"ஹவ், ஆமாம். எது சூடாகலைன்னு இவ்வளவு நேரம் பாத்தாச்சு. எது சூடாகறதுன்னு பாப்போம்."

மூடியைத் தொட்டாள். குளிர்ச்சி. பக்கத்துத் தகட்டைத் தொட்டாள். குளிர்ச்சி. ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், நாற்காலிக்கு அடியில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் கை வைத்தவள், "ஆ!" என்று இழுத்துக்கொண்டாள். அமெரிக்கச் சாமானுக்கு ஏற்றபடி நம் ஊர் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

"இதோ இருக்கு உன் அடுப்பு."

"அப்போ அதுமேலயே பனீரை வெச்சுடலாமே" என்றாள் மங்களம்.

தீபக் ஸ்விட்சை அணைத்தான். ஹம்சா ஒரு துணியால் பிடித்துப் பெட்டியைத் திருப்பினாள். நூறு வாட் என்று அடியில் எழுதியிருந்தது. "கம்பிக்கு மட்டும் எவ்வளவு வேணும்?"

கிரில் முதுகிலிருந்த தகட்டை அவன் துடைத்துப் படித்தான். "முந்நூறு."

"இதை எதுக்கு வாங்கினே?"

"ஷேவருக்கு... கோட்டி பஜார்ல."

வைத்தியநாதன் வெடித்துச் சிரித்தார். அவரைவிடப் பலமாகச் சிரித்தது தீபக்தான். நெற்றியில் அடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஹம்சா அவனையே பார்த்தாள். தன்னைப் பார்த்து இப்படிச் சிரிக்கிற ஆணை அவள் தன் வீட்டில் பார்த்ததில்லை.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கோட்டியில கடை திறந்திருக்காது" என்றாள்.

"இரு. கம்பியையே விட்டுட்டா? விசிறிக்கும் திருகுக்கும் இந்தப் பெட்டி தாங்கும். தீயை நாமளே கையால வெச்சா?"

"வெக்கலாம். ஆனா காலைலேருந்து கிண்ணத்துல கொட்டினதை முதல்ல வாரு. மொத்தமா பத்திண்டா ரெண்டு பேருக்கும் புருவம் மிஞ்சாது."

அவன் பிளக்கைப் பிடுங்கி, கம்பியின் ஒயரைக் கழற்றினான். கிண்ணத்திலிருந்ததை ஸ்பூனால் வாரினான். மங்களம் முதலுதவிப் பெட்டியிலிருந்த பஞ்சை நெய்யில் தோய்த்துக் கொண்டுவந்தாள். "முன்னாடி இதுல என்னென்ன வெந்துதோ" என்று முணுமுணுத்தாள்.

"கம்பித் தட்டு புதுசுங்க ஆன்ட்டி. உங்களுக்காகத்தான் மாத்தினேன்."

அவள் முகம் மலர்ந்தது. "வாங்கோ, அதுங்க பாத்துக்கும்" என்று கணவரை உள்ளே கிளப்பிக்கொண்டு போனாள்.

பஞ்சின்மேல் ஒரு பிடி பெல்லட்டைப் போட்டு ஹம்சா நெருப்பு வைத்தாள். முதலில் வெள்ளைப் புகை. கண் எரிந்தது. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். அடியில் மெல்லிய சுடர் எழுந்ததும் அவன் பிளக்கை மறுபடி செருகினான். விசிறி உறும, தீ குப்பென்று எழுந்து நின்றது. சற்று நேரத்தில் மூடி சுட்டது. தீபக் பனீரையும் அன்னாசியையும் அவசர அவசரமாக அடுக்கினான்.

"சரி" என்றாள் ஹம்சா.

"ஆமா, சரியா எரியுது."

"தீயைச் சொல்லலை."

அவன் இடுக்கியோடு நிமிர்ந்தான். அவள் முகத்தையே பார்த்தான். புரிந்தது.  கரிக்கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை.

"என்னடி பண்றேள் ரெண்டு பேரும்?" உள்ளேயிருந்து மங்களம் கத்தினாள். "அன்னாசி கருகறது!"